நால்வருக்கும் சந்தனம்

வேலையிடத்து வாசலில் வைத்தே மகள் கட்டுப்பாடுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுவரேலாதம்மா. பூச்சி வரும். இதிலை வையுங்கோ."

ராசமலர் வடைப் பெட்டியையும் அவலையும் கதவுக்கு வெளியே இருந்த சின்ன மேசையில் வைத்தாள்.

"சப்பாத்து. காப்பு. மோதிரம். எல்லாத்தையும் கழட்டுங்கோ. நூலிலை கொழுவும்."

காப்பு இலகுவில் கழலவில்லை. சோப்புப் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. மகள் துவாயோடு பக்கத்தில் நின்றாள்.

"தாலிக்கொடி?"

"அது கிடக்கட்டும். ஸ்வெட்டருக்குள்ளை விடுங்கோ. பேனை வைச்சிருக்கிறியளோ?"

"எனக்கேன் பேனை?"

"நல்லது. உள்ளுக்குப் பென்சில் மட்டுந்தான்."

"ஒப்பரேசன் அறைக்குள்ளை போறதும் இப்பிடித்தான்" என்றாள் ராசமலர். சொல்லும்போது அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. இந்தப் பிள்ளை டொக்டராக வேண்டும் என்று பத்து வருடம் ஆசைப்பட்டவள் அவள்.

அன்று சரஸ்வதி பூசை. சனிக்கிழமையில் வந்திருந்தது. அம்மருட் என்ற புறநகரில் இருந்த அவர்களுடைய வீட்டில் ஒவ்வொரு வருடமும் பூசை நடக்கும். சாமிப் படங்களுக்குப் பிறகு பொருட்களின் முறை. மகன் சயூரனின் கம்பியூட்டருக்குப் பொட்டு வைப்பாள். கீழே வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கிப் போய்க் கணவர் குலசேகரத்தின் டாக்சிக்கு வைப்பாள். மகள் கஜேந்தினியின் பங்குக்கு மட்டும் இப்போது எதுவும் இல்லை. படித்த காலத்தில் புத்தகம் வைத்தாள். இங்கிலாந்துக்குப் போய்ப் பழந்துணி பாதுகாக்கும் படிப்புப் படித்து வந்த பிறகு அவளுடைய சாமான்கள் எல்லாம் வேலையிடத்திலேயே கிடந்தன.

"மகள் என்ன செய்யிறா?" என்று கோயிலில் யாராவது கேட்டால், "மியூசியம் மாதிரி ஒரு இடத்திலை" என்பாள் ராசமலர். ஒருமுறை கோயிலுக்கு வரும் சிறிதேவி என்பவள் விடவில்லை. "பழைய சீலை தைக்கிறதுக்கோ இங்கிலாந்து மட்டும் போனவ?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராசமலரும் சிரித்து வைத்தாள்.

இந்த வருடம் அவள் இங்கே வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. கஜேந்தினி வேலைக்குச் சேர்ந்தது பிரசவ விடுமுறையில் போன ஒருத்தியின் இடத்துக்கு. அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை. இந்த மாதக் கடைசியில் கஜேந்தினியை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று முதலாளி முடிவெடுப்பாள். நிரந்தர வேலை என்றால் என்னவென்று ராசமலருக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் அவள் பல வருடம் வேலைக்குக் கூப்பிட்டால் மட்டும் போகிறவளாக இருந்தாள். தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டு போவாள். பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம். பிள்ளையின் கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு வைத்தால் நல்லது நடக்கும்.

"கத்தரிக்கோலுக்கும் ஊசிப் பெட்டிக்கும் வைச்சிட்டு வாறன், அவ்வளவுதான்" என்று தொலைபேசியில் சொன்னாள். கஜேந்தினி சற்று யோசித்துவிட்டு, "சரி, வாங்கோ. சனிக்கிழமை ஒருத்தரும் இல்லை" என்றாள்.

பட்டறை ஆற்றோரமாக இருந்தது. ஒரு காலத்தில் நெசவாலையாக இருந்த செங்கல் கட்டிடத்தின் மேல்மாடி. பெரிய ஜன்னல்கள். எல்லாவற்றிலும் வெள்ளைத் திரை. வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. அறையின் நடுவே ஒரு நீண்ட மேசை. மேசையின் இரு முனைகளிலும் தடித்த உருளைகள். அவற்றுக்கு நடுவே ஒரு பழைய சித்திரத் திரை விரிந்திருந்தது.

ராசமலர் கிட்டப் போனாள். தானாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கம்பளமோ?"

"சுவரிலை தொங்க விடுறது. பிரான்சிலை நெய்தது. முந்நூறு வருசத்துக்கு மேலை. ஒரு கப்பல்காரக் குடும்பத்தின்ரை சொத்து. வாற வருசம் கண்காட்சிக்குப் போகுது."

"கீறினதில்லையோ?"

"எல்லாம் நூல்தான். கம்பளியும் பட்டும். முகத்தைப் பாருங்கோ, வெளிச்சம் விழுற இடமெல்லாம் பட்டு."

ராசமலர் பார்த்தாள். நான்கு பெண்கள் ஒரு மரத்தடியில் இருந்தார்கள். ஒருத்தியின் கையில் ஒரு முகமூடி. ஒருத்தி ஒரு உருண்டையைப் பிடித்திருந்தாள். ஒருத்தி சுருள் ஒன்றை வாசித்தாள். நான்காமவளின் மடியில் ஒரு நரம்பு வாத்தியம். அவள் அதை மீட்டவில்லை. மீட்டப் போகிறவள்போல விரல்களை வைத்திருந்தாள். மரத்தின் இலைகள் நீலமாக இருந்தன.

"இலையேன் நீலம்?"

"முதல் பச்சைதான். நீலத்துக்கு மேலை மஞ்சள் சாயம் போட்டுப் பச்சையாக்குவினம். மஞ்சள் வெளிச்சத்திலை போயிட்டுது. நீலம் நிண்டிட்டுது."

"ஆர் இவையள்?"

"கிரேக்கக் கதையிலை வாற அக்கா தங்கச்சிமார். ஒன்பது பேர். ஒருத்திக்குப் பாட்டு, ஒருத்திக்கு நாடகம், ஒருத்திக்கு வானசாஸ்திரம். மனுசருக்குக் கலை, கல்வி எல்லாம் இவையள்தான் குடுக்கிறதெண்டு கதை."

"மற்ற அஞ்சு பேரும்?"

"உருளையிலை சுத்தின சுருளுக்குள்ளை. அவையின்ரை பக்கம் இனித்தான் தொடங்கோணும்."

கஜேந்தினி தன் வேலையைக் காட்டினாள். அறுந்து தொங்கிய பட்டு நூல்களை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, அடியில் கொடுத்த லினன் துணியோடு சேர்த்து மெல்லிய நூலால் பிடித்திருந்தாள். தையல் இருக்கும் இடத்தை விரலால் சுட்டிய பிறகும் ராசமலருக்கு அது தெரியவில்லை.

"எங்கை?"

"இதுதான்."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"அதுதான் வேணும்."

பக்கத்து அறையில் தொலைபேசி அடித்தது. "தோருன்" என்றாள் கஜேந்தினி. தோருன்தான் முதலாளி. "புதன்கிழமை சொந்தக்காரர் பாக்க வாறார். அதைப் பற்றித்தான். நீங்கள் சாமானுக்குப் பொட்டை வையுங்கோ, வாறன்." கதவு பாதி சாத்திக்கொண்டது.

ராசமலர் கைப்பையிலிருந்து பித்தளைக் கிண்ணத்தை எடுத்தாள். சந்தனம் குழைவாக இருந்தது. குங்குமச் சிமிழைத் திறந்தாள். கத்தரிக்கோலின் கைபிடிக்கு முதல் பொட்டு. மோதிர விரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம். பிறகு ஊசிப் பெட்டி. பூதக்கண்ணாடியின் தண்டு. விளக்கின் கழுத்து. சின்ன வாய் வைத்த தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று நின்றது, அதற்கும் ஒன்று. பிள்ளைக்குச் சோறு போடும் சாமான்கள். எதையும் விடக்கூடாது.

பிறகு அவள் மேசையைப் பார்த்தாள்.

பிள்ளை நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்வது இந்தப் பெண்களின் முகத்தில்தான். வாத்தியத்தோடு இருந்தவள் ராசமலருக்கு நேரே இருந்தாள். வீணை இல்லை என்று ராசமலருக்குத் தெரியும். சரஸ்வதி இல்லை என்றும் தெரியும். ஆனால் கல்வி கொடுக்கிறவள் என்று பிள்ளை இப்போதுதான் சொன்னாள். இன்றைக்கு அவளுடைய நாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

விரல் நுனியில் கொஞ்சமாகச் சந்தனம் எடுத்து, தொட்டும் தொடாமலும் வைத்தாள். அதன்மேல் ஒரு துளி குங்குமம்.

அத்தோடு நின்றிருக்கலாம். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டு விசேஷத்திலும் ஒருத்தியிடம் தட்டை நீட்டிவிட்டு அடுத்தவளைக் கடந்து போக முடியுமா? சுருள் வாசித்தவளுக்கு வைத்தாள். உருண்டைக்காரிக்கு வைத்தாள். முகமூடிக்காரிக்கு எட்டி வைக்க வேண்டியிருந்தது. தாலிக்கொடி ஸ்வெட்டருக்குள் இருந்தது. எதிலும் கொழுவவில்லை.

கஜேந்தினி திரும்பி வந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்துப் புன்னகைத்தாள். இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டாள்.

"இதுக்குமோ?"

பிறகு மேசையைப் பார்த்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பை எடுத்துவிட மறந்தவள்போல நின்றாள். பிறகு விளக்கை இழுத்து, மேசைக்குக் கிட்டக் கொண்டு வந்து குனிந்தாள்.

"ஈரமோ?"

"என்ன?"

"சந்தனம். ஈரமோ?"

"ஈரமில்லாமல் சந்தனம் எப்பிடிப் பிள்ளை வைக்கிறது?"

"கடையிலை வாங்கின பக்கெட் சந்தனமோ, உரைச்சதோ?"

பொட்டின் சுத்தத்தைப் பற்றித்தான் மகள் கேட்கிறாள் என்று ராசமலர் நினைத்தாள். "உன்ரை சாமானுக்குப் பக்கெட் சந்தனம் கொண்டு வருவனே? கட்டையிலை உரைச்சனான். விடிய எழும்பி."

"தண்ணியிலையோ?"

"பன்னீரிலை."

கஜேந்தினி கண்களை மூடித் திறந்தாள். "குங்குமம்?"

"குரோன்லண்ட் கடையிலை வாங்கினது. ஏன் பிள்ளை, பிழையோ?"

கஜேந்தினி பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ராசமலருக்கு விளங்கிவிட்டது. சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்தாள். "துடைச்சு விடுறன், பொறு."

"தொடாதேங்கோ."

அது ஒன்றுதான் கஜேந்தினி உரத்துச் சொன்னது. ராசமலரின் கை அந்தரத்தில் நின்றது.

"துடைச்சால் குங்குமத்தின்ரை சிவப்பு நூலுக்குள்ளை இறங்கும். இப்ப அது சந்தனத்துக்கு மேலை நிக்குது. சந்தனம் காயட்டும். காய்ஞ்சால் ஒருவேளை கழண்டு வரும்." அவள் குரல் சாதாரணமாகியிருந்தது. அதுதான் ராசமலருக்குப் பயமாக இருந்தது. "பக்கெட் சந்தனமெண்டால் அதிலை மஞ்சள் சாயமும் கலந்திருக்கும். அப்பிடியெண்டால் இப்பவே முடிஞ்சுது."

இருவரும் சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போகாட்டில்?" என்று கேட்டாள் ராசமலர்.

"போகாட்டில் கறை நிக்கும்."

"அதுக்கு மேலை அதே நிறத்து நூலாலை தைச்சு விடேலாதோ? நீ தைக்கிறது கண்ணுக்கே தெரியேல்லை."

"தைக்கலாம்."

"பிறகென்ன?"

"தைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது. அதுதானம்மா செய்யேலாது. நான் இஞ்சை என்ன செய்யிறன் எண்டு ஆராலும் கண்டுபிடிக்க ஏலாது. நான் சொன்னால்தான் உண்டு."

அவள் தொலைபேசியை எடுத்தாள். ராசமலர் அவள் கையைப் பிடித்தாள்.

"வேலை, பிள்ளை. மாசக் கடைசி."

"தெரியும்."

"நான் உனக்குத் தெரியாமல் வந்தனான் எண்டு சொல்லு. கதவு திறந்து கிடந்தது, நான் வந்திட்டன் எண்டு."

"காப்பைக் கழட்டி, கையைக் கழுவி, சப்பாத்தையும் கழட்டி வைச்சிட்டு ஒரு கள்ளி வந்தவ எண்டு சொல்லவோ?" கஜேந்தினியின் வாயோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவள் எண்களை அழுத்தினாள். நோர்வேஜிய மொழியில் பேசினாள். "என் அம்மா" என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

தோருன் சைக்கிளில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். உயரமானவள். தொப்பியைக் கழற்றாமலே மேசைக்குப் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோதுதான் ராசமலரைக் கண்டவள்போல் கை கொடுத்தாள்.

"இது என்ன பொருள்?"

ராசமலரின் நோர்வேஜிய மொழி முதியோர் இல்லத்தில் கற்றது. எங்கே வலிக்கிறது, சாப்பிட்டீர்களா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா. இதற்கு அதில் சொல் இல்லை. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"மரம். வாசனை மரம். சிவப்பு, மஞ்சளில் செய்வது. இன்றைக்கு நல்ல நாள். வேலை செய்யும் பொருட்களுக்கு வைப்போம். என் மகள் இவர்களோடு வேலை செய்கிறாள்."

"நான்கு பேருக்கும் ஏன்?"

"ஒருவருக்கு வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை இல்லை."

தோருன் அதை யோசித்தாள். "ஐந்து பேர் சுருளுக்குள் இருந்தது நல்லதாகப் போயிற்று" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு கஜேந்தினியின் பக்கம் திரும்பினாள்.

"உள்ளே விட்டது நீ."

"ஆம்."

"என்னைக் கேட்டாயா?"

"இல்லை."

"புதன்கிழமையைப் பற்றிச் சற்று முன்னர்தானே தொலைபேசியில் பேசினோம். அப்போதும் சொல்லவில்லை."

"இல்லை."

"எனக்கு அதுதான் பெரிது. பொட்டு அல்ல."

ராசமலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். வடைப் பெட்டி இருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. கதவுக்குள்ளிருந்து அந்தச் சின்ன இயந்திரத்தின் இரைச்சல் விட்டு விட்டுக் கேட்டது. பொட்டு வைத்த இயந்திரம். அவள் குலசேகரத்துக்கு அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் டாக்சியின் சத்தம் கேட்டது.

"என்ரை டாக்சிக்கு வைச்ச பொட்டு முதல் மழையிலை போயிடும்" என்றார் அவர். "நீர் போயும் போயும் முந்நூறு வருசச் சீலையிலை வைச்சிருக்கிறீர்."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளையின்ரை வேலை போகப்போகுது."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"நான் வந்து ஏத்தட்டே?"

"வேண்டாம். நான் இருந்து கேட்டுக்கொண்டுதான் வருவன்."

ஜன்னலில் வெளிச்சம் சாயத் தொடங்கியபோது இருவரும் வெளியே வந்தார்கள். திரையில் மூவரின் நெற்றியில் எதுவும் மிஞ்சவில்லை. சந்தனம் தட்டாகக் காய்ந்து, குங்குமத்தையும் தூக்கிக்கொண்டு கழன்றுவிட்டது. நான்காமவள், வாத்தியக்காரி, விடவில்லை. அவளுடைய நெற்றியில் பட்டு நூல்கள் ஏற்கெனவே அறுந்திருந்தன. சந்தனம் அவற்றுக்கிடையில் இறங்கியிருந்தது. மேலும் எடுத்தால் நூலும் சேர்ந்து வரும்.

"பாதி எடுத்தோம். மீதி இருக்கிறது" என்றாள் தோருன். "புதன்கிழமை சொந்தக்காரர் வரும்போது நீங்களும் வாருங்கள். அவர் கேட்பார். என்ன வைத்தீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"அம்மா வரத் தேவையில்லை. நான் சொல்வேன்" என்றாள் கஜேந்தினி.

"நீ செய்ததை நீ சொல். அவர் செய்ததை அவர் சொல்லட்டும்." தோருன் தொப்பியை இழுத்துவிட்டாள். "உன் வேலை பற்றி அதன் பிறகு பேசுவோம்."

போகும்போது வடைப் பெட்டியை அவள் பார்க்கவில்லை. யாரும் கொடுக்கவுமில்லை.

புதன்கிழமைக்காக ராசமலர் ஒருத்தியோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். இடைப்பட்ட நாட்களில் மகள் அதிகம் கதைக்கவில்லை. கோபமாகவும் இல்லை. ராசமலர் சமைத்ததைச் சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று, நெற்றிக்குப் பொட்டு வைக்காமல் போகலாமா என்று ராசமலர் யோசித்தாள். வைக்காமல் போனால் ஒளிக்கிற மாதிரி இருக்கும். எப்போதும் வைக்கிற அளவிலேயே வைத்தாள். காப்பைக் காலையிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டாள்.

சொந்தக்காரர் கைத்தடியோடு வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். நல்ல கோட். மூச்சு வாங்கியது. மேல்மாடிக்கு ஏறி வந்த களைப்பில் கைத்தடியில் சாய்ந்து நின்றார். தோருன் அவரை மேசைக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சனிக்கிழமை. பூசை. நான்கு பொட்டு. மூன்று போனது. ஒன்று முழுதாகப் போகவில்லை.

கிழவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். முகமூடிக்காரியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"தெரியாத கறைக்கு இவ்வளவு கதையா?" அவர் நிமிர முயன்றார். இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "சரி, தெரியவில்லை என்றால் பேச ஒன்றுமில்லை. கண்காட்சிக்கு எப்போது தயாராகும்?"

தோருன் திரும்பினாள். கஜேந்தினியைப் பார்த்தாள். அந்தப் பார்வை ராசமலருக்குப் பழக்கமானது. முதியோர் இல்லத்தில் தலைமைத் தாதி புதியவர்களை அப்படித்தான் பார்ப்பாள். சொல்லித்தர மாட்டாள். என்ன செய்கிறாய் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படியே விட்டால் எல்லாம் முடிந்தது. கிழவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை ராசமலர் வேண்டிக்கொண்டதும் இதைத்தான்.

கஜேந்தினி வாயைத் திறந்தாள். ராசமலர் முந்திக்கொண்டாள்.

"நீங்கள் பார்ப்பவர் அல்ல" என்றாள் நோர்வேஜிய மொழியில். "பக்கத்தில் இருப்பவர்களும் அல்ல. கடைசி. மடியில் வாத்தியம் வைத்திருப்பவர்."

கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. நாடியை உயர்த்தித்தான் காட்டினாள். கிழவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். விளக்கைக் கிட்ட இழுத்துக் கொடுத்தாள் கஜேந்தினி.

"ஆ" என்றார் அவர். புருவங்களுக்கு நடுவே, பட்டின் வெண்மையில், பயற்றங்காய் விதையளவு வெளிறிய ஒரு செம்மஞ்சள். பார்த்த பிறகு கண் வேறெங்கும் போகாது.

"இதை வைத்தவர் நீங்களா?"

"நான்தான். வாசனை மரம். ரோசாத் தண்ணீர். மஞ்சளில் செய்த சிவப்புத் தூள். கெடுக்க நினைக்கவில்லை. மகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வைத்தேன். மன்னிக்க வேண்டும்."

அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்தார். பிறகு வாத்தியக்காரியின் நெற்றியை. பிறகு கஜேந்தினி கொண்டு வந்து போட்ட கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என் அப்பா இதைச் சாப்பாட்டு அறையில் மாட்ட விரும்பினார்" என்றார். "தொங்கிய திரையில் கதவு இடித்தது. கீழே ஒரு முழம் வெட்டி எடுத்தார். வெட்டிய துண்டில் கதிரைகளுக்கு உறை போட்டார்கள். நாய்க்குட்டி ஒன்று நெய்திருந்த கதிரை என்னுடையது. அதில் இருந்துதான் கஞ்சி குடித்து வளர்ந்தேன். நாய்க்குட்டிக்கு முகமே இல்லாமல் போய்விட்டது." அவர் கைத்தடியைக் கால்களுக்கிடையே ஊன்றினார். "ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை."

தோருன் காத்திருந்தாள். "மேலும் சுத்தம் செய்து பார்க்கலாம். நூல் போகும் ஆபத்து உண்டு. அல்லது அப்படியே விடலாம். மஞ்சள் காலப்போக்கில் வெளிறும். எவ்வளவு என்று சொல்ல முடியாது."

"நூல் போக வேண்டாம். விடுங்கள்." பிறகு சற்றுக் கடுமையாகச் சேர்த்தார். "இனிமேல் வேறு எவரும் வேறு எதுவும் வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டார்கள்" என்றாள் தோருன்.

"வேலையைத் தொடர்ந்து செய்யப்போவது இந்தப் பெண்ணா?"

தோருன் மேசையில் விரிந்திருந்த திரையைப் பார்த்தாள்.

"இவள்தான்" என்றாள் தோருன். "இந்தத் திரையை முடிப்பது இவள்தான்."

கிழவர் போன பிறகு தோருன் கஜேந்தினியைப் பக்கத்து அறைக்கு அழைத்தாள். கதவு முழுதாகச் சாத்தப்பட்டது. ராசமலர் வெளியே கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கஜேந்தினி ஜக்கெட்டோடு வந்தாள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வாங்கோ, போவம்."

படிகளில் ராசமலர் எதுவும் கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் கேட்கவில்லை. நிலக்கீழ் ரயிலில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்த பிறகு கஜேந்தினி தானாகச் சொன்னாள்.

"நிரந்தரம் இல்லை. ஆறு மாசம் நீட்டியிருக்கிறா. பிறகு பாக்கலாமாம்."

ராசமலர் எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். சுரங்கத்தின் இருட்டில் இருவரின் முகமும் அதில் தெரிந்தது.

"சந்தனத்தை நூலிலையிருந்து எடுத்த விதம் நல்லதெண்டு சொன்னவ. ஆனால் கேக்காமல் கதவைத் திறக்கிற ஆளை இப்ப நிரந்தரமாக்கேலாதாம். ஆறு மாசம் பாக்கோணுமாம்." கஜேந்தினி கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். "சரியாத்தானே சொல்லுறா. நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன்."

"நீ முடிவாச் சம்மதிச்சனியோ?"

"ஓம். ஆறு மாசத்திலை அந்தத் திரை முடிஞ்சிடும். முடிச்சது நான் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

ஹாஸ்லே நிலையம் தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. ராசமலரின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. குலசேகரம்.

"என்ன முடிவு?"

"வேலை இருக்கு. நிரந்தரமில்லை. ஆறு மாசம்."

"ஏனாம்?"

"என்னாலைதான். வேறை ஆராலை?"

கஜேந்தினி தொலைபேசியை வாங்கினாள். "இல்லையப்பா, என்னாலை. நான் தோருனைக் கேக்காமல் அம்மாவை உள்ளுக்கு விட்டனான். அதுதான் காரணம்."

ராசமலர் அதைத் திரும்பப் பறித்தாள். "அவள் சும்மா சொல்லுறாள். நான் வாறன் வாறன் எண்டு நிண்டபடியால்தான் விட்டவள். அவள் கத்தரிக்கோலுக்கு மட்டுந்தான் சொன்னவள்."

"வாங்கோ எண்டு சொன்னது ஆர்?" என்றாள் கஜேந்தினி.

"கேட்டது ஆர்?"

"கேட்டால்? நான் ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம். எனக்கு நீங்கள் வந்து பாக்கோணும் எண்டு இருந்தது. அதுதான் சொல்லேல்லை."

ராசமலர் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். முன்னாலிருந்த மனிதர் பத்திரிகைக்கு மேலால் அவர்களைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தொலைபேசிக்குள் குலசேகரம் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தனான்தானே" என்றாள் ராசமலர், கடைசியில். "வடிவாத்தான் செய்யிறாய்."

கஜேந்தினி தலையாட்டினாள். கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள்.

இறங்க வேண்டிய அம்மருட் வந்ததும் கதவு திறந்து மூடியதும் இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நிலையமான குரோருட்டில் இறங்கி, வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்கள்.